இருட்டில் பாஸ் மீனுக்கு எந்த லூர்? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் கோடை உச்சத்தை எட்டும் மாதங்களில், பகலில் வெறுங்கையோடு திரும்பிய வாசகர்கள் இரவு மீன்பிடிப்பைப் பற்றிக் கேட்டு எழுதுகிறார்கள். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை: லார்ஜ்மவுத் பாஸ் எனப்படும் அகன்ற வாய் மீனை இருளில் பிடிக்க எந்தச் செயற்கை இரையை, அதாவது எந்த லூரைத் தேர்ந்தெடுப்பது? அக்கடிதங்களை மட்டுமே இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

டாலஸ் அருகே பிளானோவில் வசிக்கிறேன். லேக் ஃபோர்க் நீர்த்தேக்கத்தில் மூன்று ஆண்டுகளாக பாஸ் பிடித்து வருகிறேன். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகலில் கடியே இல்லை. இரவில் போகலாம் என்றால், என் பெட்டியில் இருக்கும் நாற்பது லூர்களில் எவற்றை எடுத்துச் செல்வது? எந்த நிறம்?
– வாசகர், பிளானோ, டெக்சாஸ்

நான்கை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். ஒற்றைத் தகடு கொண்ட கறுப்பு ஸ்பின்னர்பெய்ட் (கம்பியில் தகடு சுழன்றபடி வரும் லூர்) ஒன்று, நீரின் மேல் ஓசையெழுப்பிக்கொண்டு வரும் மிதக்கும் லூர் ஒன்று, பத்து அங்குல ரப்பர் புழு ஒன்று, கறுப்பும் நீலமும் கலந்த ஜிக் (கனத்த தலையோடு அடியில் இறங்கும் ஒற்றை முள் லூர்) ஒன்று. எஞ்சியவை வீட்டிலேயே இருக்கட்டும். இருட்டில் லூர் மாற்றுவது நேரத்தை விழுங்கும் வேலை என்பதோடு, கைவிளக்கை அடிக்கடி ஏற்ற வேண்டியிருப்பதால் நம் கண்ணும் இருளுக்குப் பழகாமலே போய்விடும்.

நிறத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் அந்த மீன் இருளில் எதைக் கொண்டு இரையைத் தேடுகிறது என்பதைப் பார்த்துவிடுவோம்; அது தெரிந்தால் நிறம் தானாகவே முடிவாகிவிடும். பாஸ் மீனுக்கு இமை இல்லை. வெளிச்சத்துக்கேற்பக் கண்மணியைச் சுருக்கி விரிக்கும் வசதியும் நமக்கிருப்பதுபோல் அதற்கு இல்லை. அந்தி சாயும்போது அதன் விழித்திரையில் உள்ள செல்களே இடம்பெயர்ந்து, பகலுக்குரிய கூம்புச் செல்கள் பின்வாங்க, மங்கிய ஒளிக்குரிய குச்சிச் செல்கள் முன்னுக்கு வருகின்றன. குச்சிச் செல்களுக்கு நிறம் தெரியாது; ஒளியும் நிழலும்தான் தெரியும். பகல் வெளிச்சத்திலேயே கூட பாஸ் மீன் சிவப்பையும் பச்சையையும் நன்கு பிரித்தறிந்தாலும் கடும் நீலத்தையும் கறுப்பையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறது என்று இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே இரவு லூரில் கறுப்பா, கருநீலமா, கருஞ்சிவப்பா என்று கடையில் நின்று மலைக்க வேண்டியதில்லை.

ஆனால் கறுப்பு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இரவில் வரும் சிறிதளவு வெளிச்சமும் வானத்திலிருந்துதான் வருகிறது. அடியில் நின்று மேல்நோக்கிப் பார்க்கும் மீனுக்கு, நம் லூர் அந்த மங்கிய வானத்தின் மேல் ஒரு நிழலுருவாகத்தான் தெரியும். அந்த நிழலின் விளிம்பு எவ்வளவு அழுத்தமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு மீன் குறி தவறாமல் பாயும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில், மினுமினுப்புத் தூள் கலந்து செய்த அழகான லூர்கள் பகலில் எத்தனை மீன் பிடித்துக் கொடுத்திருந்தாலும், இந்த வேலைக்கு உதவமாட்டா.

கண்ணுக்கும் முன்னே வேலை செய்பவை வேறு இரண்டு புலன்கள். உட்செவி தொலைவில் எழும் ஓசையை உணர்கிறது. உடலின் இருபுறமும் செவுளிலிருந்து வால் வரை ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு, அருகில் நீர் அசைவதை உணர்கிறது. இதன் எல்லை மிகச் சிறியது, மீனின் உடல் நீளத்தில் ஓரிரு மடங்கு தொலைவுதான். ஓசை மீனைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது, நீரின் அதிர்வு அருகே அழைத்து வருகிறது, நிழலுரு வாயைத் திறக்க வைக்கிறது. இந்த மூன்றில் இரண்டையாவது தராத லூருக்கு இரவில் இடமில்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த ஓசையும் அதிர்வும் ஒரே சீராக இருக்க வேண்டும். பகலில் நாம் பழகிய இழுத்து நிறுத்துதல், திடீரென வேகம் கூட்டுதல், திசை மாற்றுதல் எல்லாம் கண்ணால் பார்க்கும் மீனைச் சீண்டுவதற்கானவை. இருளில் இருக்கும் மீன் ஓசை வரும் திசையைக் கணித்து, லூர் அடுத்து எங்கே இருக்கும் என்று எண்ணிப் பாய்கிறது. அந்தக் கணக்கை நாமே கலைத்துவிடக் கூடாது.

லேக் ஃபோர்க்கைப் பொறுத்தவரை ஒரு குறிப்பு. சுமார் 27,000 ஏக்கர் பரப்புள்ள அந்த நீர்த்தேக்கத்தில் மூழ்கி நிற்கும் மரங்கள் ஏராளம். ஆகஸ்டில் மேல்தண்ணீர் 85 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது அங்கே வழக்கம். பகலில் ஆழத்திலோ அடர்ந்த நிழலிலோ ஒதுங்கிக் கிடக்கும் மீன்கள் இருட்டியபின் கரையோர மேடுகளுக்கும் பாசிப் படுகைகளின் விளிம்புக்கும் ஏறிவருகின்றன. ஆனால் அடர்ந்த பாசிக்குள்ளேயே விடியும்வரை காத்திருக்காதீர்கள். இரவு முழுவதும் நீர்த்தாவரங்களும் சுவாசிப்பதால், சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான் அங்கே நீரில் கரைந்த பிராணவாயு மிகவும் குறைந்திருக்கும். அந்நேரத்துக்குத் திறந்த நீரை ஒட்டிய வெளிவிளிம்பே மேல். அந்த நீர்த்தேக்கத்தில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸ் மீன்களை உடனே நீரில் விட்டுவிட வேண்டும் என்ற விதி இரவுக்கும் உண்டு; அளவுகோலைப் படகில் எளிதில் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

ஸ்பின்னர்பெய்ட் வாங்கப் போனால் கொலராடோ தகடு, வில்லோ தகடு, இந்தியானா தகடு என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு தகடு உள்ளவையும் இருக்கின்றன. இரவுக்கு எது?
– வாசகர், நாஷ்வில், டென்னசி

கொலராடோ தகடு, அதிலும் ஒன்றே ஒன்று, அதிலும் பெரியது. ஐந்தாம் எண்ணுக்குக் குறையாமல், கலங்கிய நீராக இருந்தால் ஏழாம் எண் வரை போகலாம்.

காரணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாலே விளங்கும். வில்லோ தகடு அரளி இலைபோல் ஒடுங்கி நீண்டிருக்கும். இழுக்கும்போது அது கம்பியை ஒட்டியே மிக வேகமாகச் சுழன்று பளபளக்கும். நீரை அவ்வளவாகத் தள்ளாது. பளபளப்பதற்கு வெளிச்சம் வேண்டும், இரவில் அது இல்லை. கொலராடோ தகடு வட்டமாக, சிறு கரண்டியின் குழி போலக் குவிந்திருக்கும். அது அகலமாக வீசிச் சுழல்வதால் ஒவ்வொரு சுற்றுக்கும் நீரை அறைந்து தள்ளுகிறது. அந்த அதிர்வு தூண்டில் நரம்பு வழியாக ஏறி, ராடின், அதாவது தூண்டில் கோலின் பிடியில் உங்கள் உள்ளங்கைக்கு நாடித்துடிப்பு போல வந்து சேரும். இந்தியானா தகடு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. இரவுக்கென்று அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

குவிந்த தகட்டுக்கு இன்னொரு பயன் உண்டு. அது லூரை மேலே தூக்கிப் பிடிப்பதால், மிக மெதுவாகச் சுற்றினாலும் லூர் சேற்றில் போய் விழாது. ரீலை, அதாவது நரம்பு சுற்றும் உருளையை, எவ்வளவு மெதுவாகச் சுற்றுவது என்று பலரும் கேட்கிறார்கள். தகட்டின் துடிப்பு கையில் நின்றுபோகும் வரை வேகத்தைக் குறையுங்கள். பிறகு துடிப்பு மீண்டும் வரும் அளவுக்கு மட்டும் கூட்டுங்கள். அதுவே இரவு வேகம். இந்தத் துடிப்பு இன்னொரு வகையிலும் உங்களுக்குக் கண்ணாக இருக்கும். அது தடைப்பட்டால் லூர் கிளையிலோ பாசியிலோ பட்டிருக்கிறது. சட்டென்று அறவே இல்லாமல் போனால், பெரும்பாலும் பின்னாலிருந்து வந்த மீன் லூரை வாயில் வைத்துக்கொண்டு உங்களை நோக்கியே நீந்துகிறது. யோசிக்காமல் நரம்பின் தளர்வைச் சுற்றி எடுத்து இழுக்க வேண்டிய கணம் அது. இரண்டு தகடுகள் இருந்தால் இந்தத் துடிப்பு ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடும், அதனால்தான் ஒன்றே போதும் என்கிறேன்.

எடை அரை அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 14 கிராம். உங்கள் ஊர்ப்பக்கத்து மலை ஏரிகளைப் போலக் கரை செங்குத்தாக இறங்கும் தெளிந்த நீரானால் முக்கால் அவுன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். முள்ளைச் சுற்றித் தொங்கும் ரப்பர் இழைகளான பாவாடை கறுப்பு, தலை கறுப்பு, தகட்டையும் கறுப்புச் சாயத்தில் தோய்த்தவையாகக் கிடைத்தால் வாங்கலாம், கிடைக்காவிட்டால் பாதகமில்லை. தூண்டில் முள்ளில் பருத்த ரப்பர் வால் ஒன்றைச் செருகினால் உருவம் பெரிதாவதோடு லூர் இறங்கும் வேகமும் குறையும்.

நீரின் மேல் மிதக்கும் லூருக்கு இரவில் அடி பலமாக விழுகிறது. ஆனால் நான்கில் மூன்று முறை மீன் மாட்டுவதில்லை. லூரை மாற்ற வேண்டுமா?
– வாசகர், அட்லாண்டா, ஜார்ஜியா

லூரையும் பார்க்க வேண்டும், கையையும் பார்க்க வேண்டும்.

எந்த லூர் என்று நீங்கள் எழுதவில்லை. நிறுத்தி நிறுத்தி நீரைத் துப்பும் பாப்பர் வகையாக இருந்தால், முன்னர் சொன்ன சீரான ஓசை அதில் இல்லை; மீன் பாயும்போது லூர் ஒரு சாண் தள்ளி நிற்கும். அதற்குப் பதிலாக ஜிட்டர்பக் போட்டுப் பாருங்கள். ஓஹையோ மாநிலத்து அக்ரான் நகரைச் சேர்ந்த ஃபிரெட் ஆர்பகாஸ்ட் 1930களில் விற்பனைக்குக் கொண்டுவந்த லூர் அது. முகத்தில் அகலமான உலோகத் தகடு ஒன்று இருக்கும்; இழுக்க இழுக்க அது இடமும் வலமுமாக உடலைப் புரட்டி, குழந்தை தொட்டித் தண்ணீரில் கையடிப்பதுபோல் ‘பொளக், பொளக்’ என்று தாளம் தவறாமல் வரும். எண்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் என் இரவுப் பெட்டியில் அதன் இடத்தை வேறெதுவும் பிடிக்கவில்லை. வாங்கும்போது கறுப்பையே வாங்குங்கள். சற்று வேகமாகச் சுற்ற விரும்புவோர்க்கு, நீர்மட்டத்தில் இறக்கை சுழன்று சலசலக்கும் பஸ்பெய்ட்டும் நல்லது. அது நிறுத்தினால் மூழ்கிவிடும் என்பதால், சீராகச் சுற்றும் ஒழுக்கத்தை அதுவே கற்றுக்கொடுத்துவிடும்.

இனி கை. இருளில் நமக்கு முதலில் எட்டுவது அடியின் சத்தம். சத்தம் கேட்டதும் இழுப்பது மனித இயல்பு, ஆனால் அந்தச் சத்தத்தின்போது லூர் மீனின் வாய்க்குள் இருக்கிறது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஓர் ஆகஸ்ட் இரவு, கிழக்கு டெக்சாஸில் ஒரு பழைய மரப்பாலத்தின் அடியில், ஒரே மீன் என் ஜிட்டர்பக்கை ஒரே வீச்சில் மூன்று முறை அடித்தது. முதல் இரண்டு அடிக்கும் நான் அசையாமல் சுற்றிக்கொண்டே இருந்தேன்; மூன்றாம் அடிக்குப் பிறகு தாளம் நின்று ராடின் நுனி கனத்தது. அப்போது இழுத்தேன். முந்தைய ஆண்டுகளில் முதல் சத்தத்துக்கே லூரைப் பிடுங்கி, அந்த மூன்றாம் அடிக்கு இடம் கொடுக்காமலே எத்தனை மீன்களை விரட்டியிருப்பேன் என்று அன்றுதான் உணர்ந்தேன். சத்தத்தைக் காதோடு விட்டுவிட்டு, கனம் கைக்கு வரும்வரை ரீலைச் சுற்றிக்கொண்டே இருங்கள்.

மிதக்கும் லூருக்கு ஃப்ளூரோகார்பன் நரம்பு வேண்டாம்; அது மூழ்கிப்போய் லூரின் மூக்கைக் கீழே இழுக்கும். பின்னல் நரம்பு மிதக்கும், நீளவும் நீளாது. இருளில் நரம்பு கண்ணுக்குத் தெரியுமோ என்ற கவலை மீனிடம் தேவையில்லை என்பதால் தடித்ததையே கட்டலாம்.

ரப்பர் புழுவை இரவில் போடலாமா? அது ஓசையே எழுப்புவதில்லையே?
– வாசகர், ஹூஸ்டன், டெக்சாஸ்

போடலாம், ஓசையை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். மென்மையான ரப்பர் புழுவை 1949இல் உருவாக்கிய நிக் கிரீம் என்பவரும் அதே அக்ரான் நகரத்துக்காரர்தான். பின்னர் உங்கள் மாநிலத்து டைலர் நகருக்குத் தொழிலை மாற்றிக்கொண்டார். அந்தப் புழுவைக் குண்டு வடிவ எடையோடு, முள்ளின் நுனி புழுவின் உடலுக்குள் மறையும்படி கோக்கும் முறைக்கு டெக்சாஸ் ரிக் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இரவுக்கு இரண்டு மாற்றங்கள் போதும். ஈயக்குண்டுக்குப் பதிலாக டங்ஸ்டன் குண்டு போட்டு, அதற்கும் முள்ளுக்கும் இடையில் ஒரு கண்ணாடி மணியைக் கோத்துவிடுங்கள். டங்ஸ்டன் கடினமானது, கல்லில் உருளும்போது மணியில் மோதி ‘டிக்’ என்ற ஓசையைத் தரும், ஈயம் அந்த ஓசையை விழுங்கிவிடும். புழுவின் நீளம் பத்து அங்குலம், வால் அகன்று நாடாபோல் நெளிவது. தரையில் இழுத்து வாருங்கள், துள்ள விடாதீர்கள். மேல்மட்டத்தில் அடி நின்றுபோன நள்ளிரவுக்குப் பின் இந்தப் புழுவும் கறுப்பு–நீல ஜிக்கும்தான் எனக்குக் கைகொடுத்திருக்கின்றன.

கடியைக் கண்ணால் பார்க்க விரும்பினால், டென்னசி, கென்டக்கி ஏரிகளில் நெடுங்காலமாக வழக்கில் உள்ள ஒரு முறை இருக்கிறது. படகின் ஓரத்தில் புறஊதா விளக்கு ஒன்றைப் பொருத்தி, ஒளிரும் தன்மையுள்ள நைலான் நரம்பைப் பயன்படுத்துவார்கள். நீருக்கு மேலே இருக்கும் நரம்பு கயிறுபோல் தடித்து ஒளிரும். மீன் புழுவைக் கவ்வும்போது அந்த ஒளிக்கோடு ஒரு துள்ளு துள்ளும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஏரியில் படகுத்துறை விளக்குகள் இரவு முழுவதும் எரிகின்றன. அங்கும் கறுப்பு லூர்தானா? சிவப்பு ஒளி தலைவிளக்கு வைத்துக்கொண்டால் மீனுக்குத் தெரியாது என்கிறார்களே?
– வாசகர், ஆர்லாண்டோ, ஃபுளோரிடா

நான் மேலே சொன்ன விதிக்கு அதுதான் விலக்கு. விளக்குக்குப் பூச்சிகள் வரும், பூச்சிக்குச் சிறுமீன் வரும், சிறுமீனுக்காக பாஸ் வரும். ஆனால் பாஸ் வெளிச்சத்துக்குள் வந்து நிற்காது. நிழல் தொடங்கும் கோட்டுக்கு அப்பால் இருளில் நின்று வெளிச்சத்தை நோக்கியிருக்கும். அங்கே அதற்குக் கண் நன்றாகத் தெரியும். ஆகவே சிறுமீனைப் போன்ற வெள்ளை அல்லது வெளிர்நிற லூரை, நான்கு அங்குலத்துக்கு மிகாத சிறியதாகத் தேர்ந்தெடுத்து, ஒளிவட்டத்தைத் தாண்டி வீசி, வெளிச்சத்தின் வழியாக நிழற்கோடு வரை கொண்டு வாருங்கள். வெளிச்சத்தின் நடுவில் நேராகப் போட்டால் விழும் சத்தத்திலேயே சிறுமீன் சிதறிவிடும்.

சிவப்பு விளக்கு நம் கண்ணுக்கு நல்லது. இருளுக்குப் பழகிய பார்வையை அது கெடுப்பதில்லை. மீனுக்குச் சிவப்பு தெரியாது என்பது மட்டும் தவறான நம்பிக்கை. பாஸ் மீன் பகலில் மிகத் தெளிவாக அறியும் நிறங்களில் அதுவும் ஒன்று என்பதை முதல் பதிலிலேயே பார்த்தோம். எந்த நிற விளக்கானாலும் நீரை நோக்கித் திருப்பாமல், படகுக்குள் குனிந்து முடிச்சுப் போடுங்கள்.

இருட்டில் தானே ஒளிரும் லூர்கள் விற்கிறார்களே, வாங்கலாமா?
– வாசகர், சிகாகோ, இல்லினாய்

பாஸ் மீனுக்கு வேண்டாம். கைவிளக்கைக் காட்டி ஏற்றிய ஒளி சிறிது நேரத்திலேயே மங்கிவிடும், மீண்டும் மீண்டும் ஏற்ற வேண்டும். அந்தப் பணத்துக்கு நல்ல கொலராடோ தகடு இரண்டு கிடைக்கும்.

பழவேற்காட்டில் இரவில் கொடுவா பிடிப்பவன் நான். பாஸ் மீனுக்கான இந்த லூர்கள் கொடுவாவுக்கு ஒத்துவருமா?
– வாசகர், சென்னை

முறையில் ஒற்றுமை உண்டு. கொடுவாவும் இரவில் இரை தேடும் மீன். விளக்குக் கம்பத்தின் நிழற்கோட்டில் காத்திருப்பது, சீரான வேகத்துக்குப் பாய்வது எல்லாம் அதனிடமும் உண்டு. கருவியில் மட்டும் வேறுபாடு. பாஸ் மீனுக்கென்று செய்த மெல்லிய முட்களைக் கொடுவா வளைத்துவிடும். அதன் செவுள் மூடியின் கூர்மை மெல்லிய நரம்பை அறுத்துவிடும். உப்பு நீருக்கான தடித்த முள்ளும், முன்னால் ஒரு முழம் தடித்த தங்கூசியும் கட்டுங்கள். ஸ்பின்னர்பெய்ட்டின் கம்பி உப்பு நீரில் விரைவில் துருப்பிடிக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

என் கணவர் எங்கள் 12 வயது மகனை இரவில் படகில் பாஸ் பிடிக்க அழைத்துச் செல்ல விரும்புகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. அவனுக்கு எந்த லூரைக் கொடுப்பது பாதுகாப்பானது?
– வாசகி, ஆஸ்டின், டெக்சாஸ்

அம்மா, தங்கள் பயம் நியாயமானது. இரவில் நான் கண்ட காயங்கள் பெரும்பாலும் மீனாலோ நீராலோ நேர்ந்தவை அல்ல, லூரால் நேர்ந்தவை. ஒரு முறை மாட்டாமல் தப்பிய லூரை நான் வேகமாக இழுத்துவிட, அது இருளில் பறந்து வந்து உடனிருந்த நண்பரின் கட்டைவிரலில் மூன்று முள் கொக்கியில் ஒன்றைப் புதைத்துவிட்டது. மற்ற இரண்டு முட்களும் அவருடைய சட்டைக் கையில் மாட்டிக்கொண்டதால் அவரால் கையை நகர்த்தவும் முடியவில்லை. மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை அந்த லூரை நான் என் விரல்களால் அசையாமல் பிடித்துக்கொண்டே போனேன்.

ஆகையால் மகனுக்கு மிதக்கும் லூர் வேண்டாம். அவற்றில் இரண்டு, மூன்று இடங்களில் மும்முனைக் கொக்கிகள் தொங்கும். ஒற்றை முள் கொண்ட கறுப்பு ஸ்பின்னர்பெய்ட்டைக் கொடுங்கள். அதன் மேற்கம்பியும் தகடும் முள்ளுக்கு மேல் குடைபோல் நிற்பதால் கிளையிலும் அவ்வளவாகச் சிக்காது. தகட்டின் துடிப்பு கையில் தெரிவதால் லூர் எங்கே வருகிறது என்பதைச் சிறுவனும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான். முள்ளின் எதிர்க்கூரைக் குறட்டால் நசுக்கிவிடச் சொல்லுங்கள். தைத்தாலும் எளிதில் கழன்றுவிடும், மீனை நீரில் திருப்பி விடுவதும் எளிது. இருவரும் கண்ணாடி அணியட்டும். நிறமற்ற பாதுகாப்புக் கண்ணாடியே போதும். ஒருவர் வீசும்போது மற்றவர் ராடைத் தொடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், வீசுமுன் ‘போடுகிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதைப் படகின் சட்டமாக வைத்துக்கொள்ளட்டும்.

படகைப் பற்றியும் கணவரிடம் கேளுங்கள். சூரியன் மறைந்தபின் ஓடும் மோட்டார் படகில் முன்புறச் சிவப்பு–பச்சை விளக்கும், எத்திசையிலிருந்தும் தெரியும் வெள்ளை விளக்கும் எரிய வேண்டும். நங்கூரமிட்டு மீன் பிடிக்கும்போதும் அந்த வெள்ளை விளக்கை அணைக்கக் கூடாது. உயிர்காப்பு உடையை மகன் மட்டுமல்ல, அவரும் கரை சேரும்வரை கழற்ற வேண்டாம். மோட்டாரை நிறுத்தும் கொக்கிக் கயிறு ஓட்டுபவரின் உடலோடு இணைந்திருக்க வேண்டும் என்பது 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு 2021 ஏப்ரல் முதல் அமெரிக்கச் சட்டம். டெக்சாஸில் 17 வயதுக்குட்பட்டவர்களுக்கு மீன்பிடி உரிமம் தேவையில்லை, கணவருக்குத் தேவை.

முதல் இரவு மூன்று மணி நேரம் போதும். வெளிச்சம் இருக்கும்போதே போய், ஒரே ஒரு கரைத்திட்டைத் தேர்ந்தெடுத்து, எங்கே மரம், எங்கே பாறை என்று மகனுக்குக் காட்டி, இருட்டும் முன் அந்த ஸ்பின்னர்பெய்ட்டை அவன் ஒரு இருபது முறையாவது வீசிப் பழகட்டும்.